ஏழாம் வரிசையின் தாகம்

ஜனவரி 4

அண்ணாவுக்கு,

ஆறு மாதமாக உன்னோடு பேசவில்லை. இப்போதும் சமாதானத்துக்காக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஏழாம் வரிசை சாகிறது. அதைச் சொல்ல வேண்டியது என் வேலை, அதனால் எழுதுகிறேன்.

இந்தச் சோதனைப் பண்ணைக்கு என்னை அனுப்பும்போது, ‘அங்க மழையே கிடையாது, நம்ம செடிக்கு ஏத்த இடம்’ என்றாய். மழை கிடையாது என்பது உண்மைதான். போன் சிக்னலும் கிடையாது. வாரத்துக்கு ஒரு வண்டி வருகிறது. டீசல், குடிதண்ணீர், தபால் எல்லாம் அதில்தான். ஜன்னலைத் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் மேசை மேல் விரலால் கணக்குப் போடலாம், அவ்வளவு புழுதி.

நீ மரபணு மாற்றி உருவாக்கிய ஏழாம் வரிசை மக்காச்சோளம் நாற்பது தொட்டி, சாதாரண மக்காச்சோளம் நாற்பது தொட்டி. ஆய்வுக்கூடத்தில் செய்ததை அச்சு அசலாக இங்கும் செய்தேன். ஒரே மண், ஒரே அளவு தண்ணீர், பிறகு ஒரே நாளில் தண்ணீரை நிறுத்தினேன். உன் கட்டுரையின்படி சாதாரணச் செடி பதினான்கு நாளில் போய்விடும். ஏழாம் வரிசை இருபத்தொரு நாள் தாக்குப்பிடித்து, வாடிச் சாய்ந்தாலும் தண்ணீர் விட்டதும் எழுந்து நிற்கும். இங்கே இரண்டும் பதினான்காம் நாள் சேர்ந்தே சரிந்தன. இருபத்தொன்றாம் நாள் தண்ணீர் விட்டேன். ஏழாம் வரிசையில் எழுந்தது இரண்டே இரண்டு. சாதாரணத்தில் மூன்று.

எங்கோ தப்பு நடந்திருக்கிறது. என் தப்பு என்றுதான் நீ சொல்லப்போகிறாய், சொல்லிக்கொள். ஆனால் சீக்கிரம் சொல். சின்னவன் மார்ச் ஒன்றாம் தேதி விதைக்கிறான். அப்பா விட்டுப்போன பத்து ஏக்கரிலும் ஏழாம் வரிசைதான். போன மாதம் டவுனுக்குப் போய்ப் போனில் பேசியபோது, மூட்டை கட்டி வைத்திருந்த பழைய சிவப்புச் சோள விதையை எல்லாம் கோழிக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னான். ‘இனிமே அது எதுக்குக்கா? அதான் நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்கல்ல’ என்றான். இரண்டு வருஷமாக அவனுக்கு விளைச்சல் இல்லை. இந்த முறையும் கை விட்டுவிட்டால் நிலத்தைப் போட்டுவிட்டு எங்காவது கிடங்கில் மூட்டை தூக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை என்று உனக்கே தெரியும்.

அன்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டி, ‘இவங்க செடிக்குத் தண்ணி ஊத்துறவங்க’ என்று அறிமுகப்படுத்தினாயே, அந்தத் தண்ணி ஊத்துறவள்தான் எழுதுகிறேன்.

தங்கை


ஜனவரி 12

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் பதறாதே. பதற்றம் உன் கூடப் பிறந்தது, நாங்கள் இரண்டு பேர் அதற்கப்புறம்தான்.

தராசைச் சரிபார்த்தாயா? தொட்டிகளின் ஆழம் இங்கே இருந்த அளவுதானா? மதியம் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று நீ எழுதவே இல்லை. விதைப் பொட்டலங்கள் மாறிப்போயிருக்கவும் வாய்ப்புண்டு. போன வருஷம் நீ எட்டையும் ஒன்பதையும் மாற்றி ஒட்டியது நினைவிருக்கும். இவற்றைப் பார்க்காமல் ‘ஏழாம் வரிசை சாகிறது’ என்று எழுதுவது நியாயமில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் மறந்துவிட்டாய் போலிருக்கிறது. வெயில் சுட்டால் நாம் நிழலுக்கு நகர்ந்துவிடுகிறோம். செடி நகர முடியாது. நின்ற இடத்தில் நின்றுகொண்டு செல்லுக்குள்ளேயே எல்லா ஏற்பாட்டையும் செய்துகொள்ள வேண்டும். மண் காய்ந்ததும் அப்சிசிக் அமிலம் என்ற சின்ன மூலக்கூறு பெருகுகிறது. அதைப் பிடித்துக்கொள்ள ஏற்பி என்ற புரதம் ஒன்று காத்திருக்கிறது. பிடித்த கையோடு அந்த ஏற்பி போய் ஒரு நொதியின் வாயை அடைக்கிறது. அந்த நொதிதான் அதுவரை இன்னொரு நொதியைத் தலைதூக்க விடாமல் அடக்கி வைத்திருந்தது. அடக்க ஆளில்லை என்றதும் அது எழுந்து வேலையைத் தொடங்குகிறது. இலைத்துளைகளின் இருபுறமும் உள்ள காவல் செல்கள் உப்பை வெளியேற்றித் தளர்ந்து துளையை மூடுகின்றன. உட்கருவில் சும்மா கிடந்த மரபணுக்கள் விழிக்கின்றன. செல்லில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள்கள் சேர்கின்றன, புரதங்கள் உருக்குலையாமல் காக்கும் வேறு புரதங்கள் உருவாகின்றன.

ஏழாம் வரிசையில் நான் மாற்றியது அந்த ஏற்பியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து. அமிலம் துளி சுரந்தாலும் பிடித்துக்கொள்ளும், மற்றச் செடிகளுக்கு முன்பே கதவைச் சாத்திவிடும். தாகம் தொடங்கிய இரண்டு மணி நேரத்தில் காக்கும் மரபணுக்களின் வேலை நானூறு மடங்கு ஏறுகிறது. இதை நான் ஒரு முறை அளக்கவில்லை, ஆறு முறை அளந்தேன். மூலக்கூறு பொய் சொல்லாது.

கூட்டத்தில் சொன்னது ஏதோ அவசரத்தில் வாயில் வந்தது. அதை இன்னும் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு திரிகிறாயா? சின்னவனைப் பற்றிக் கவலைப்படாதே. ஏழாம் வரிசையை வாங்கும் முதல் விவசாயி அவன். இந்த விதையைக் கொடு கொடு என்று என் கழுத்தை அறுத்தவன் அவன்தான்.

அண்ணன்


ஜனவரி 20

அண்ணா,

தராசு சரி. ஆழம் சரி. மதியம் முப்பத்தெட்டு, ஆய்வுக்கூடத்து அறையிலும் நாம் அதைத்தான் வைத்தோம். பொட்டலமும் மாறவில்லை, இரண்டு வரிசையிலும் இலையைக் கிள்ளிப் பரிசோதித்துவிட்டேன், ஏழாம் வரிசையில் உன் ஓர் எழுத்து அதன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது, சாதாரணத்தில் இல்லை.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ கத்துவாய். பரவாயில்லை, இங்கே கேட்காது.

நம் வளர்ப்பறையில் மூன்று அடுக்குகள். கதவுப் பக்கம் சாதாரணச் செடி, நடுவில் மற்ற வரிசைகள், கடைசியில் ஜன்னலோரம் ஏழாம் வரிசை. ஜன்னலோரம்தான் வெளிச்சம் நன்றாக விழுகிறது, ஏழாம் வரிசை அங்கேதான் இருக்கணும் என்று நீதான் சொன்னாய். குழாய் கீழ்த்தளத்தில். நான் எப்போதும் கதவுப் பக்கத்திலிருந்து ஊற்றிக்கொண்டு வருவேன். ஜன்னலுக்கு வரும்போது பூவாளியில் அடித் தண்ணீர்தான் மிச்சமிருக்கும். மற்ற நாள்களில் இறங்கிப்போய்ப் பிடித்து வருவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் இறங்க மாட்டேன். வாரம் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கி முட்டி விட்டுப்போயிருக்கும். இருப்பதை ஆளுக்கொரு வாய் என்று ஊற்றிவிட்டுக் கிளம்பிவிடுவேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஏழாம் வரிசை மட்டும் இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும். ஐயோ பாவம் என்று வயிறு நிறைய ஊற்றுவேன். மதியத்துக்குள் நிமிர்ந்துவிடும். நீ வரும் நேரத்தில் எல்லாம் பச்சைப் பசேல். பதிவேட்டில் எல்லாத் தொட்டிக்கும் சம அளவு என்று டிக் அடித்திருப்பேன்.

ஆறு முறையும் அதே அடுக்கு. ஆறு முறையும் அதே வெள்ளிக்கிழமை.

ஒரு தாகத்தைப் பார்த்த செடி அடுத்த தாகத்துக்குத் தயாராக இருக்கும் என்று எனக்குப் பாடம் எடுத்ததே நீதான். டி.என்.ஏ. நூல்கண்டு மாதிரி ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளைச் சுற்றிக் கிடக்கிறது. முதல் தாகத்தில் விழித்த மரபணு எங்கே இருக்கிறதோ அங்கே உருண்டையின் மேல் ஒரு சின்ன வேதி அடையாளம் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் வந்து செடி தேறிய பிறகும் அந்த அடையாளம் சில நாள் போவதில்லை. அடுத்த முறை அந்த மரபணுவைத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கிறது. இருபத்தொரு நாள் தாங்கியது உன் எழுத்தால் இல்லை, அண்ணா. என் முட்டிவலியால். அந்த அடையாளம் விதைக்குள் போயிருந்தால் இங்கே நாற்பது தொட்டியும் பிழைத்திருக்கும். போகவில்லை. சின்னவனிடம் இருக்கும் விதை வெறும் விதை.

இது என் ஊகம்தான். இரண்டாவது தவணைக்காக விதைத்த எண்பது தொட்டியும் இப்போது மூன்று இலை விட்டிருக்கின்றன. இரண்டு வகையிலும் பாதிக்கு ஐந்து நாள் தண்ணீர் இல்லை, பிறகு மூன்று நாள் நல்ல தண்ணீர். மீதிப் பாதிக்கு எந்தக் குறையும் வைக்க மாட்டேன். அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் நிறுத்தம். என் வாழ்நாளில் முதல்முறையாக, நான் நினைப்பது தப்பாகப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

தங்கை


ஜனவரி 29

தங்கைக்கு,

இதை வேறு யாருக்காவது எழுதினாயா? எழுதாதே. சோதனை முடிகிறவரை சின்னவனிடம் மூச்சு விடாதே. அடித் தண்ணீரை ஊற்றியதை இரண்டு வருஷம் கழித்துச் சொல்கிறாய். இரண்டு வருஷம்.

அண்ணன்


பிப்ரவரி 19

அண்ணா,

நேற்று முடிந்தது.

ஏழாம் வரிசை, முன்பே தாகம் காட்டியது: இருபதில் பதினேழு பிழைத்தன. சாதாரணம், தாகம் காட்டியது: இருபதில் பதினாறு. தாகம் காட்டாத ஏழாம் வரிசை: ஒன்று. தாகம் காட்டாத சாதாரணம்: இரண்டு. மூன்று தரம் எண்ணினேன். கொட்டகைக் காவலாளியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார்.

இனி என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. சின்னவனிடம் சொல்ல வேண்டும். ‘விதைக்காதே, அல்லது வழக்கமான மக்காச்சோளம் மாதிரியே நினைத்து முறை தவறாமல் தண்ணீர் காட்டு’ என்று. ஒரு வரி. விதைக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது.

அந்த வரியை நானே சொல்லிவிடலாம் என்று இன்று காலை வண்டியில் தொற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். போன் போட்டேன். எடுத்தான். ‘அக்கா! நிலத்தை உழுது போட்டுட்டேன், வாய்க்கால்லயும் என் முறைக்குப் பேரு குடுத்துட்டேன்’ என்றான். குரலில் அப்படி ஒரு தெம்பு. இரண்டு வருஷமாக அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை. ‘சாப்பிட்டியாடா?’ என்று கேட்டேன். ‘ஆச்சுக்கா’ என்றான். வைத்துவிட்டேன். கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே நின்றார், எனக்கு வாங்கத் தோன்றவில்லை.

நீதான் மூத்தவன். உன் பேச்சை அவன் அப்பா பேச்சாகவே கேட்பான். பூவாளியைப் பற்றித் தாராளமாகச் சொல். எல்லாப் பழியையும் என் தலையில் போட்டுவிடு. ஆனால் சொல்லிவிடு அண்ணா.

தங்கை


பிப்ரவரி 23

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது முதல் ஆய்வுக்கூடத்துக்கு மதியத்துக்கு மேல்தான் போகிறேன். குளிர்ப்பெட்டியில் பழைய மாதிரிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை எடுத்து மறுபடி பரிசோதித்துப் பார்த்தேன். நீ சொல்வது சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. ஆறு முறை அளந்தேன் என்று பெருமையாக எழுதினேன் அல்லவா? ஒவ்வொரு முறையும் தாகம் தொடங்குவதற்கு முன்பே ஒரு மாதிரி எடுப்போம், பூஜ்ய நேர மாதிரி. அதில் எதுவும் விழித்திருக்கக் கூடாது. ஏழாம் வரிசையில் மட்டும் பூஜ்ய நேரத்திலேயே சில மரபணுக்கள் அரைக்கண் திறந்திருந்தன, ஹிஸ்டோன் மேல் அடையாளமும் இருந்தது. அப்போதே பார்த்தேன். முதல் முறை, ஏதோ கலந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் முறை உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும், ‘இந்தச் செடிங்களுக்கு நீ என்ன செஞ்சே’ என்று. கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிறவளிடம் போய் என்ன கேட்பது என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது. கட்டுரையின் வரைபடத்திலிருந்து அந்த ஒரு கட்டத்தை எடுத்துவிட்டேன். படம் அழகாக இருந்தது.

நேற்று சின்னவனுக்குப் போன் செய்தேன். சொல்லத்தான் செய்தேன், நம்பு. ‘டேய், அந்த விதையப் பத்தி ஒரு விஷயம்’ என்று ஆரம்பித்தேன். ‘சொல்லுண்ணா, எழுதிக்கிறேன்’ என்று பேனாவைத் தேடினான். அவன் நான் சொல்வதை எழுதிக்கொள்ள ஆரம்பித்ததும் எனக்கு வேறு வழி ஒன்று தோன்றியது. மூன்று இலை விட்டதும் ஆறு நாள் தண்ணீரை நிறுத்து, அப்புறம் நன்றாக ஒரு தண்ணீர் காட்டு, அதன் பிறகு செடி கெட்டிப்பட்டுவிடும் என்று சொன்னேன். நீ தொட்டியில் செய்ததையே, அவன் வாய்க்கால் முறைக்கு ஏற்றபடி ஒரு நாள் கூட்டி, வயலில் செய்யச் சொல்கிறேன். யோசித்துப் பார், விளைச்சல் வந்துவிடும். யார் மனமும் உடையாமல் காரியம் நடந்துவிடும். ‘எதுக்குண்ணா?’ என்று கேட்டான். ‘புது முறைடா’ என்றேன்.

ஏப்ரல் கடைசியில் ஆய்வுக்குழு கூடுகிறது. அங்கே நானே எழுந்து சொல்லிவிடுகிறேன். கட்டுரையையும் திரும்பப் பெறுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 2

அண்ணா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. அவன் நேற்றே விதைத்திருப்பான்.

முதலில் கடிதத்தைச் சுருட்டி எறிந்தேன். பிறகு எடுத்து நீவிப் படித்தேன். பூஜ்ய நேரத்துக் கட்டத்தைப் பற்றி நீ எழுதியதை இரண்டாம் முறையும் படித்தேன். திட்டலாம் என்றால் நானும் டிக் அடித்தவள்தானே. ஒரே வயிற்றில் பிறந்திருக்கிறோம், தப்பும் ஒரே மாதிரிதான் செய்திருக்கிறோம்.

நீ சொன்ன வழியை இரண்டு மணி நேரம் கொட்டகையில் நடந்து நடந்து யோசித்தேன். தொட்டியில் பலித்தது வயலில் பலிக்கக் கூடாது என்று இல்லை. மண் ஆழமாக இருந்தால் இன்னும் நன்றாகவே பலிக்கலாம். பலித்துவிட்டால் அவன் நிலத்தில் நிற்பான், நாமும் அவன் முகத்தைப் பார்க்கலாம். இப்படி நினைக்கும்போது கொஞ்சம் மூச்சு வருகிறது.

ஆனால் ஒன்று. ஆறு நாள் கழித்துத் தண்ணீர் காட்டியே ஆக வேண்டும் என்பது அவனுக்குப் புரிந்ததா? தாகம் மட்டும் செடியைக் கெட்டிப்படுத்தாது. தாகமும் வேண்டும், அதற்குப் பின்னால் தண்ணீரும் வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால் அது பயிற்சி இல்லை, சாவு. ஏன் என்று காரணம் சொல்லாமல் சொன்னால் மனிதர்கள் பாதியைத்தான் கேட்பார்கள். காரணத்தையும் சொல் அண்ணா. இன்னும் நேரம் இருக்கிறது.

தங்கை


மார்ச் 26

தங்கைக்கு,

நல்ல செய்தி. சின்னவன் இன்று காலை போன் செய்தான். முளைப்பு பிரமாதமாம். இருபதாம் தேதி மூன்றாவது இலை வந்ததும் கடைசித் தண்ணீர் விட்டு நிறுத்திவிட்டான். இன்று ஆறாவது நாள். காலையில் நிமிர்ந்து நிற்கிறது, மதியம் லேசாகச் சுருட்டிக்கொள்கிறது என்றான். நீ தொட்டியில் பார்த்தது அப்படியே.

நாளை அவன் வாய்க்கால் முறை, அதை விட்டால் அடுத்த வாரம்தான். ‘நாளைக்குத் தண்ணிய எடுக்கணுமாண்ணா?’ என்று கேட்டான். ‘ஆறு நாள்னு சொன்னேனேடா’ என்றேன். அவன் சிரித்தான். ‘பேப்பர்ல இருபத்தொண்ணுன்னு நீங்களே போட்டிருக்கீங்க, அப்புறம் எதுக்கு ஆறு நாள்ல பயப்படுறீங்க? பக்கத்து வயல்காரரு தண்ணிக்குத் தவிச்சுக்கிட்டு இருக்காரு’ என்றான். அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்ததால் நானும் சிரித்தேன். ‘பார்த்துச் செய்டா’ என்றேன். அவன் புத்திசாலி, எடுத்துவிடுவான்.

காரணத்தைச் சொல்லவில்லை. ஏப்ரலில் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். உன் முட்டி எப்படி இருக்கிறது?

அண்ணன்


ஏப்ரல் 18

அண்ணா,

சின்னவன் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

பண்ணை வண்டி ஒரு வாரம் பழுதாகிக் கிடந்தது. உன் கடிதம் என் கைக்கு வந்தது ஆறாம் தேதி. அதே வண்டியில் ஏறி டவுனுக்குப் போய்ப் போன் செய்தேன். ‘உடனே தண்ணி காட்டுடா’ என்றேன். ‘முறை பத்தாம் தேதிதான்கா வருது, அதுவரைக்கும் வாய்க்கால்ல கை வைக்க முடியாது. ரெண்டு முறையையும் பக்கத்து வயல்காரருக்குக் குடுத்துட்டேன்’ என்றான். அவன் குரலில் கொஞ்சம்கூட பயமில்லை. நான் பண்ணைக்குத் திரும்பவில்லை. பஸ் மாறி மாறி ஒன்பதாம் தேதி மதியம் இங்கே வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே வயல் தெரியும், உனக்குத் தெரியாதா. பக்கத்து வயலில் சாதாரண மக்காச்சோளம் இடுப்பு உயரத்துக்கு, நம் தம்பியின் தண்ணீரையும் குடித்துவிட்டு நிற்கிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் பத்து ஏக்கரும் காகித நிறம். அவன் வாசலில் முறம் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தான். ‘சரியான நேரத்துக்கு வந்துட்டக்கா. நாளைக்குத்தான் இருபத்தொண்ணு’ என்றான்.

உள்ளே சுவரில் உன் கட்டுரையின் படத்தை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறான். தொங்கிப்போன செடி ஒரு பக்கம், தண்ணீர் விட்ட பிறகு நிமிர்ந்த அதே செடி இன்னொரு பக்கம். அதற்குக் கீழே நாள்காட்டி, இருபதாம் தேதியிலிருந்து வட்டம் வட்டமாக. அவன் வயலைப் பார்க்காமல் இல்லை அண்ணா. தினமும் பார்த்திருக்கிறான். காய்ந்துகொண்டே போவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து படத்தைப் பார்த்திருக்கிறான். படத்திலும் இப்படித்தானே இருக்கிறது என்று தேற்றிக்கொண்டிருக்கிறான்.

ஒரு செடியைப் பிடுங்கித் தண்டைக் கிள்ளிக் காட்டினேன். உள்ளே பச்சை இல்லை. ‘இது போயிடுச்சுடா’ என்றேன். ‘உனக்கு எப்பவும் பதட்டம்கா, அண்ணன் சொல்லுவான்ல’ என்றான். அங்கேயே வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, பூவாளி, நாற்பது தொட்டி, எண்பது தொட்டி. வேறு யாருடைய வீட்டுக் கதையையோ கேட்பது போலக் கேட்டுக்கொண்டான். ‘சரிக்கா, தண்ணி விட்டுத்தான் பாப்போமே’ என்றான்.

பத்தாம் தேதி மடையைத் திறந்தான். தண்ணீர் கடைசிப் பாத்திவரை போயிற்று. மூன்று நாள் கழித்து, காலையில் ஒரு முனையில் தொடங்கி வரிசை வரிசையாக நடந்து எண்ணினான். பத்து ஏக்கரில் நிமிர்ந்தது பதினொரு செடி. ‘வருதுக்கா, மெதுவா வருது’ என்றான். அடுத்த முறை நேற்று. விடிந்ததும் போய் மறுபடி மடையைத் திறந்துவிட்டான். பக்கத்து வயல்காரர் வந்து, ‘செத்த பயிருக்கு ஏம்ப்பா தண்ணியக் கொட்டுறே, என் பக்கமாவது திருப்பி விடேன்’ என்று கெஞ்சினார். இவன் அவரோடு சண்டைக்குப் போனான். இவன் ஒருவரோடு சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. உன் கடிதங்கள் நான்கையும் பையிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான். தப்போடு தப்பாக இருக்கட்டும்.

மடைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து படித்தான். தேதிப்படி அடுக்கி, ஒவ்வொன்றாக. என் கடிதங்கள் உன்னிடம் இருப்பதால், இடையில் நான் என்ன எழுதினேன் என்பதை வாயால் சொன்னேன். எதையும் விடவில்லை, சாப்பிட்டியா என்று கேட்டு வைத்ததையும் சொன்னேன். பிப்ரவரி கடிதத்தை இரண்டு முறை படித்தான். கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டு நான்கையும் மடித்து என்னிடமே நீட்டினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

‘அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இருபத்தேழாம் தேதி முறைக்கு நான் தண்ணி எடுத்திருந்தா பொழச்சிருக்குமா?’ என்றான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இந்த ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். இத்தனை மாதம் உண்மையைச் சொல்லாமல் இருந்தேன், பொய் சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. ‘பொழச்சிருக்கும்டா’ என்றேன்.

‘சரிக்கா’ என்றான். எழுந்து, மண்வெட்டியால் மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்தான். கையைக் கழுவிக்கொண்டு வரப்போரம் நடந்து போய்ப் பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டு, இனிமேல் எல்லா முறையும் அவரே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

தங்கை